மற்றும் பலர்

எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். சமையலில் என் படிப்பு அத்தோடு முடிந்தது. ஒருமுறை முட்டை அவிக்கப் போய்ப் பாத்திரத்தின் அடி அடுப்போடு ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து சமையலறை வாசலில் என் தலை தெரிந்தாலே என் மனைவி கரண்டியை நிமிர்த்திப் பிடிப்பாள். இந்தத் தகுதியை வைத்துக்கொண்டு நான் பதினொரு சமையல் புத்தகங்கள் எழுதியிருக்கிறேன்.

இன்று காலை நீங்கள் எனக்கு ஒரு சௌகரியம் செய்துதரப் பார்த்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. "நீங்க சும்மா சொல்லிக்கிட்டே வாங்க, நம்ம ரைட்டர் அழகா எழுதிடுவாரு. கடைசில கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்றீர்கள். ரைட்டரும் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். ஒருவர் எழுத, இன்னொருவர் கையெழுத்துப் போடுவது இருபது வருடமாக என் பிழைப்பு. அந்த மேசையில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் காகிதத்தை வாங்கி நானே எழுதுகிறேன். ரைட்டர் மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். பிழை திருத்தவும் வேண்டாம்.

நான் வந்த காரணம் ஒன்றுதான். நான்கு மாதமாக நீங்கள் உள்ளே வைத்திருக்கும் சமையல்கார அக்காவை வெளியே விட வேண்டும். அறுபத்து நான்காம் பக்கத்தை எழுதியது அவர் அல்ல. நான்.

எங்கள் தொழில் உங்களுக்குப் புரிய வேண்டும். எங்கள் முதலாளி பதிப்பகம் நடத்துகிறார். பிரபலமான ஒரு முகத்தைப் பிடிப்பார், அதன் பெயரில் ஒரு சமையல் புத்தகம் போடுவார். உள்ளே இருப்பதெல்லாம் என் கைவேலை. ஒரு மல்யுத்த வீரருக்கு எழுதினேன். தீயைப் பெரிதாக்க எந்தப் பக்கம் திருகுவது என்று படப்பிடிப்பின்போது என்னைக் கேட்டார். தப்பான ஆளிடம் கேட்டார். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் ஒருவருக்கு எழுதினேன். வெங்காயம் உரித்தால் கண்ணில் நீர் வரும் என்பது அவருக்கே செய்தி. இரண்டு பாடகர்கள், ஓர் ஓட்டக்காரி, ஒரு மந்திரவாதி. மந்திரவாதிக்காவது முட்டையை எடுக்கத் தெரிந்திருந்தது, காதிலிருந்து.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஆரம்பத்தில் கேட்டேன். முதலாளி சிரித்தார். "இது சமைக்கிற புத்தகம் இல்லப்பா, குடுக்கிற புத்தகம். கல்யாணத்துக்குக் குடுப்பான். வாங்குனவன் அலமாரில வைப்பான். இதப் பாத்து எவன் அடுப்புப் பத்த வைக்கப் போறான்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. முதல் பத்துப் புத்தகங்களுக்கும் சேர்த்து எனக்கு வந்த வாசகர் கடிதம் ஒன்றே ஒன்று. இருபதாம் பக்கத்தில் இருக்கும் கிண்ணம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். என் வீட்டிலேயே துணி துவைக்கும் இயந்திரத்தின் ஒரு கால் மட்டும் குட்டை; மல்யுத்த வீரர் அதன் அடியில்தான் பல வருடமாக நின்றுகொண்டிருக்கிறார்.

வேலை நடக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பிரபலங்களிடம் நேரம் கிடையாது. மூன்று நாள் கால்ஷீட் கொடுப்பார்கள். அந்த மூன்று நாளில் முதலில் படங்களை எடுத்து முடித்துவிடுவோம். பிறகு நான் அறையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்முறை எழுதுவேன். சட்டையைத் தைத்து வைத்துவிட்டு அதற்குள் நுழைகிற ஆளைத் தேடுகிற வேலை. படத்தில் இருப்பது உணவே அல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பாலுக்குப் பதில் பசை, ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு, வறுத்த கோழியின் நிறத்துக்குக் காலணிப் பாலிஷ். அந்தக் கோழியைப் பார்த்து, 'பொன்னிறமாகும் வரை வறுக்கவும்' என்று நான் எழுதுவேன்.

பதினொன்றாவது புத்தகம் மேடத்துடையது. இருபது வருடமாகத் திரையில் இருக்கும் நடிகை. அவரைத் தெரியாதவர்கள் இல்லை. கெட்டவர் அல்ல. பேசும்போது நம் கையைப் பிடித்துக்கொள்வார். அவர் வீட்டில் இரண்டு சமையலறைகள். முன்னால் இருப்பது வெள்ளைக்கல் பதித்தது, அங்கேதான் பேட்டிகள் நடக்கும். அந்த அடுப்புக்கு எரிவாயு இணைப்பே கிடையாது. பின்னால் இருக்கும் சிறிய சமையலறையில் பத்தொன்பது வருடமாக அக்கா சமைக்கிறார்.

இந்த முறை நான் ஒரு தீர்மானத்தோடு போனேன். புத்தகத்தில் என் பெயர் வர வேண்டும். நான் துணிக்கடைத் தெருவில் வளர்ந்தவன், ஐயா. எங்கள் வீட்டில் இரண்டாம் முறை சாப்பாடு கேட்டால்கூட அம்மா முதலில் இல்லை என்பாள், அப்புறம் பாதி என்பாள், முழுசாகப் போடத்தான் போகிறாள் என்று இருவருக்கும் தெரியும். ஆகவே முதலாளியிடம் முதல் விலையாக அட்டையைக் கேட்டேன்.

"அட்டையிலயா? வாங்குறவன் மேடம் முகத்தப் பாப்பானா, உங்க பேரப் படிப்பானா?" என்றார்.

சரி, உள்ளே முதல் பக்கத்தில் என்றேன். அது மேடத்தின் கையெழுத்துக்கான இடம் என்றார். பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தில் என்றேன். அச்சகத்தின் பெயருக்குக் கீழே நிற்பது உங்களுக்கே மரியாதையா என்று என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார். இரண்டு முறை எழுந்து வாசல் வரை போனேன். இரண்டு முறையும் கூப்பிட்டார். கடைசியில் நன்றிப் பக்கத்தில் ஒரு வரி என்று முடிந்தது. தனி வரி. சின்ன எழுத்து. கை குலுக்கினோம். நான் நினைத்ததும் அந்த வரியைத்தான். அட்டையைக் கேட்டதெல்லாம் தெரு வழக்கம்.

இப்போது அந்த பீன்ஸ். சிவப்பு பீன்ஸ், மளிகைக் கடையில் மூட்டையில் இருப்பது. அக்கா அதை நன்றாக வேகவைத்து, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து படக்காரர் முன்னால் வைத்தார். படக்காரர் கேமரா வழியாகப் பார்த்துவிட்டு, "அக்கா, சேறு மாதிரி இருக்கே" என்றார். தோல் கிழிந்து, நிறம் மங்கியிருந்தது உண்மைதான். அவரே போய், ஊற மட்டும் வைத்திருந்த பீன்ஸை அள்ளி வந்து, தூரிகையால் எண்ணெய் தடவி அடுக்கினார். ஒவ்வொன்றும் மணி மாதிரி மின்னியது. மேடம் பார்த்துவிட்டு, இதையே போட்டுவிடலாம் என்றார்.

"அது வேகாததும்மா" என்றார் அக்கா.

"படத்துக்குத்தானே அக்கா" என்றார் மேடம், அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

நான் அந்தப் படத்தைப் பார்த்து எழுதினேன். அறுபத்து நான்காம் பக்கம் உங்கள் கோப்பில் இருக்கிறது. ஆனாலும் ஒருமுறை எழுதிக்கொள்கிறேன், எனக்கு மனப்பாடம். 'ஊறவைத்த பீன்ஸைக் கொதி வராத இளஞ்சூட்டில் முக்கால் மணி நேரம் வைத்திருங்கள். பொறுமை முக்கியம். கொதித்தால் தோல் கிழியும். தோல் கிழிந்தால் அழகு போய்விடும்.' எழுதிய அன்று எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஒரு முட்டாள் தன் வேலையைச் செய்தான், அவ்வளவுதான். அன்றைய தேதிக்கு நான் நிரபராதி. இதை அடிக்கோடிடலாம்.

அச்சுக்குப் போகும் முன் திருத்தப்படி ஒன்று மேடத்துக்குப் போனது. மேடம் அதை அக்காவிடம் கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் அக்கா பேருந்து பிடித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தினக்காலண்டரில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, இந்த பீன்ஸ் தளதளன்னு கொதிக்கணும். பத்து நிமிசமாவது. அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, வேற தண்ணியில முழுசா வேக வைக்கணும். நீங்க போட்டிருக்கிற மாதிரி இளஞ்சூட்டுல வச்சா விஷம்பா. வயித்தப் புரட்டிப் போட்டுடும். வயசானவங்க தாங்க மாட்டாங்க."

அப்படிச் செய்தால் படத்தில் இருப்பது போல் வராதே என்றேன்.

"படத்த யாரு திங்கப் போறா?" என்றார்.

நியாயமான கேள்வி. மாற்றிவிடுகிறேன் என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே அந்தத் தாளை அறுபத்து நான்காம் பக்கத்தோடு கிளிப் போட்டு வைத்தேன். அக்கா எங்கள் அலுவலகத் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, நேராக அதைப் போட்டவரிடமே போய் ஏதோ சொன்னார். அன்றிலிருந்து எங்கள் தேநீர் நன்றாக இருக்கிறது. அக்கா அப்படிப்பட்டவர், தப்பைப் பார்த்தால் கைக்கு எட்டியதைச் சரிசெய்துவிட்டுத்தான் போவார்.

அவர் போய் ஒரு மணி நேரத்தில் மேடத்திடமிருந்து நன்றிப் பக்கம் வந்தது. முடி அலங்காரம் செய்பவருக்கு நன்றி. யோகா ஆசிரியருக்கு நன்றி. சமையலறை ஜன்னல் வழியே வரும் காலை வெளிச்சத்துக்கு நன்றி. இரண்டு நாய்களுக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி, தனித்தனி வரியில். கடைசி வரி: 'மற்றும் பலருக்கும்.'

நான்கு முறை படித்தேன். பிறகு முதலாளியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"அந்தப் பலர்ல நீங்களும்தானே இருக்கீங்க" என்றார்.

நாய் பெயர் இருக்கிறது என்றேன்.

"நாய் கேக்கலியே. அவங்களா மனசு வந்து போட்டாங்க."

பேரத்தில் தோற்றது எனக்குப் புதிதல்ல. ஆனால் நாயிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. தொலைபேசியை வைத்துவிட்டு, அறுபத்து நான்காம் பக்கத்திலிருந்து கிளிப்பைக் கழற்றினேன். காலண்டர் தாளை நான்காக மடித்துப் பர்ஸுக்குள் வைத்தேன். பக்கத்தின் மூலையில் 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் புத்தகத்தில் என் பெயர் இருந்த ஒரே இடம் அது. அச்சில் அது வராது.

கோபத்தில் செய்தேன் என்று ரைட்டர் எழுதக்கூடும். கோபம் இல்லை. ஒரு சின்னக் கணக்கு. வெளியீட்டு விழாவில் மேடம் மேடையிலேயே ஒன்றைச் சமைத்துச் சாப்பிட வேண்டும். அறுபத்து நான்காம் பக்கத்தைச் செய்யலாம் என்று யோசனை சொன்னவன் நான். ஒரே ஒரு கரண்டி, ஒரே ஒரு வயிறு, இரண்டு நாள் அவதி. தன் புத்தகமே தன்னை வீழ்த்தியது என்று ஊர் சிரிக்கும். நான் கேட்டது அவ்வளவுதான். வேறு யாரும் சமைக்கப் போவதில்லை என்பதுதான் எங்களுக்கெல்லாம் தெரியுமே.

விழாவில் கேமராவுக்காக மின்னுகிற பீன்ஸைத்தான் வைத்தார்கள். மேடம் கரண்டியை உதடு வரை கொண்டுபோனார். கண்ணை மூடினார். ஆகா என்பது போலத் தலையை ஆட்டினார். கரண்டியை அப்படியே கிண்ணத்தில் வைத்தார். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து நான் எண்ணிப் பார்த்தேன்: ஒரு பீன்ஸ்கூடக் குறையவில்லை. இருபது வருடமாக எத்தனையோ விளம்பரங்களில் சாப்பிட்டவர், ஒன்றையும் விழுங்கியதில்லை. இதை நான் யோசித்திருக்க வேண்டும். என் சூழ்ச்சியும் என் சமையல் மாதிரிதான்.

என் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எல்லாப் பிரதியிலும் ஒரு பிழைதிருத்தத் தாளைச் செருகியிருப்பார். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். தினமும் அலுவலகத்துக்குப் போய், தேநீர் குடித்து, சொல்லலாம் என்று இருந்துவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் தருகிறேன். என் அப்பா துணி கிழிக்கும்போது முழத்துக்கு மேல் நான்கு விரல் சேர்த்துக் கொடுப்பார். அது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் ஹாலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் என் மனைவி பாடிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். சமையல் மேடையில் புத்தகத்தை விரித்து வைத்து, பக்கம் மூடாமலிருக்க உப்பு ஜாடியை அதன் மேல் வைத்திருந்தாள். ஊறிய பீன்ஸ் பக்கத்தில்.

"பதினோரு புக்கு எழுதிட்டீங்க, ஒண்ணக்கூட நான் செஞ்சு பாக்கலன்னு இருக்கக் கூடாதுல்ல" என்றாள்.

நான் போய் அந்த பீன்ஸை எடுத்துக் குப்பையில் கொட்டினேன். அதில் வண்டு இருந்தது என்றேன். வெளியே சாப்பிடலாம், வா என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மீன் சாப்பிட்டோம். வீடு திரும்பிய பிறகும் நான் யாருக்கும் எதையும் சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் செய்தி வந்தது. வெவ்வேறு தெருக்களில், வெவ்வேறு வீடுகளில், நாற்பத்தொரு பேர். எல்லோரும் வாந்தியோடு மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். நாற்பது பேர் வீடு திரும்பினார்கள். திரும்பாதவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், எழுபத்தெட்டு வயது. அவர் பிறந்தநாளுக்கு மகள் செய்து கொடுத்திருக்கிறாள். மகள் சொன்னதைச் செய்தித்தாளில் போட்டிருந்தார்கள்: "நான் எதையும் மாத்தலைங்க. புத்தகத்துல போட்டிருந்தபடியேதான் செஞ்சேன். கொதிக்க விடாம பக்கத்துலயே நின்னேன்."

உண்மையை எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். அதைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது துக்கமல்ல. யாரோ ஒரு பெண் நான் எழுதியதை வரிக்கு வரி படித்து, நான் சொன்ன முக்கால் மணி நேரமும் அடுப்பை விட்டு நகராமல் நின்றிருக்கிறாள். பொறுமை முக்கியம் என்று எழுதியிருந்தேன்; பொறுமையாக இருந்திருக்கிறாள். அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். பதினொரு புத்தகத்துக்கு எனக்குக் கிடைத்த முதல் மதிப்புரை. அது இப்போதும் என் பர்ஸில், காலண்டர் தாளோடு இருக்கிறது.

அன்று சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள்: "அன்னிக்கு பீன்ஸ ஏன் கொட்டினீங்க?"

வண்டு இருந்தது என்றேன்.

"நான்தான் ஊறப் போட்டேன். ஒரு வண்டும் இல்ல."

இப்போது அவள் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். துணி துவைக்கும் இயந்திரம் என்னிடம் இருக்கிறது.

மற்றது உங்களுக்குத் தெரியும். மேடம் தொலைக்காட்சியில் அழுதார். அந்தக் கரண்டியைப் போல இதுவும் நடிப்பு என்று சொல்ல மாட்டேன், உண்மையாகவே அழுதார். அவருடைய வக்கீல் ஒரு தாளை எடுத்து நீட்டினார். 'எல்லாச் செய்முறைகளும் நான் சொன்னவை, நான் செய்து பார்த்தவை' என்று அக்கா கையெழுத்துப் போட்டிருந்தார். வேலைக்காரர்கள் எதில்தான் கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டீர்கள். அக்கா சொன்னதைத்தான் எழுதினேன் என்றேன். நான் எழுதியதிலேயே ரொம்பச் சின்னது அந்த ஒரு வரி. அவர் எச்சரித்து ஏதாவது தாள் கொடுத்தாரா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். தாள் அப்போது என் பர்ஸில் இருந்தது. இதே நாற்காலியில், அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே நடையில் அக்காவை அழைத்துப் போனார்கள். என்னைப் பார்த்து நின்றார்.

"தம்பி, அந்தக் காலண்டர் தாளு எங்கயாவது விழுந்திருக்கும். கொஞ்சம் நல்லா தேடிப் பாருங்க."

நான் தொலைத்துவிட்டேன் என்றுதான் அவர் நினைத்தார். தேடுகிறேன் அக்கா என்றேன்.

நான்கு மாதம் கழித்து இன்று ஏன் வந்தேன் என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மனசாட்சி, ஐயா. அதற்கென்று நேரம் காலம் உண்டா.

நேற்றைய ஞாயிறு மலரில் அக்காவைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'அந்தப் புத்தகத்தின் உண்மையான ஆசிரியர்' என்று தலைப்பு. பெரிய எழுத்தில். ஒரு பிரபலத்தின் நிழலில் பெயர் தெரியாமல் வாழ்ந்த எழுத்துக்காரி என்று கட்டுரையாளர் உருகியிருந்தார். 'தோல் கிழிந்தால் அழகு போய்விடும்' என்ற வரியை எடுத்துப் போட்டு, வாழ்நாளெல்லாம் அடுப்படியில் நின்ற ஒருவரால் மட்டுமே இப்படி ஒரு வரி எழுத முடியும் என்று எழுதியிருந்தார். நான் அதைப் படித்தேன். காலையில் முதல் பேருந்தைப் பிடித்து இங்கே வந்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

காலண்டர் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். அக்காவின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கையிலிருந்து என் வரி வராது என்பது எவருக்கும் தெரியும். அவரை இன்றே விட்டுவிடுங்கள். அறுபத்து நான்காம் பக்கம் முழுவதும் என்னுடையது. விஷம் என்று தெரிந்த பிறகும் அதை அப்படியே விட்டவன் நான். பேருந்து நடத்துநரைக் கொன்றது என் எழுத்து. இதில் வேறு எவருக்கும் பங்கு இல்லை, ஒரு கமாகூட.

குற்றப்பத்திரிகையில் மேடம், முதலாளி, படக்காரர் எல்லோரையும் சேர்க்க வேண்டியிருக்கும் என்று ரைட்டர் சொல்கிறார். சேருங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் முதல் பெயர் என்னுடையதாக இருக்கட்டும், தனி வரியில். எழுத்தின் அளவைப் பற்றி நாம் பேசிக்கொள்ளலாம். 'மற்றும் பலர்' என்ற இடத்தில் அவர்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.